விழாவுக்காகக் காத்திருந்த கையெழுத்து

காலை ஏழு நாற்பது. கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காசோலை சாய்ந்து நின்றது. குறுக்கே வைத்தால் லிஃப்டின் கதவு இடித்தது, நிமிர்த்தி வைத்தால் கூரை இடித்தது. கொண்டுவந்த அச்சகத்துக்காரர் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு, காவலாளியிடம் ஒப்படைத்துப் போய்விட்டார். விழா பத்து மணிக்கு, நான்காவது மாடியில்.

மாதிரிக் காசோலை என்று சொல்வோம். மேடையில் பிடித்துப் படம் எடுப்பதற்காகச் செய்யும் அட்டை. பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட படங்களை நிறையவே பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொடுப்பவர் இடப்பக்கம், வாங்குபவர் வலப்பக்கம், அட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாமல் பிடித்த கைகள். முழங்காலுக்கு மேலே வெட்டிவிடுவோம். இந்த அட்டையில் ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு மலாயிலும் தமிழிலும் இருந்தது. தமிழ் வரியை நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். தேதிக்கான கட்டம் மட்டும் காலி. எங்கள் நிதி அதிகாரி அதைக் காலியாக விடச் சொல்லியிருந்தார். மலாய்க்காரப் பெண்மணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அக்கா என்ற பொருளில் காக் என்று கூப்பிடுவோம். இயக்குநர்கள் பலரைப் பார்த்தவர்.

"தேதி போட்டுவிட்டால் அட்டை வீணாகும். காலியாக இருந்தால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்" என்றார் மலாயில்.

நான் லிஃப்டில் ஏறுவதற்குள் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. மெர்சிங்கில் வெள்ளம். விழாவில் அட்டையைக் கொடுக்கவிருந்த மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் விடியற்காலையிலேயே அங்கே கிளம்பிவிட்டார். விழா ஒத்திவைக்கப்படுகிறது.

வரலாறு, மொழி, இலக்கியம், வாய்மொழிப் பதிவு ஆகியவற்றுக்கு அரசுப் பணத்தை மானியமாகக் கொடுக்கும் சிறிய வாரியம் எங்களுடையது. ஜொகூர் பாருவில் வங்கி ஒன்றுக்கும் பல் மருத்துவமனைக்கும் மேலே நான்காவது மாடி. வேலை என்ன என்று யாராவது கேட்டு நான் சொன்னால், "ஓ, டான்ஸ் எல்லாம் பார்ப்பீங்களா?" என்பார்கள். டான்ஸ் வேறு இலாகா. நான் வெளியீட்டுப் பிரிவில் இருந்தேன். பத்திரிகைக் குறிப்பு, ஆண்டறிக்கை, தமிழில் வரும் விண்ணப்பங்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவது என் வேலைகள்.

இயக்குநர் ஐம்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. சிலோனிலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தராக இருந்தவரின் பேத்தி. தந்தையும் அரசு ஊழியர். தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் படித்ததை மறக்க மாட்டார். அவர் கல்வியாளர் அல்ல. நில அலுவலகம், மருத்துவமனை நிர்வாகம் என்று பல இடங்களில் இருந்துவிட்டு வந்தவர். அறிஞர்கள் அவரை ஆரம்பத்தில் மதிக்கவில்லை. அவரோ வரும் எல்லா விண்ணப்பங்களையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். அந்தப் பக்கத்தில்தான், இந்த நிதி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இருந்தது. பெரும்பாலோர், திட்டம் தாமதமாகும் என்று எழுதுவார்கள். அந்த வருடம் ஒரு விண்ணப்பத்தில் மட்டும், "பெயர்கள் போய்விடும்" என்று எழுதியிருந்தது.

எழுதியவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் இளம் விரிவுரையாளர். செனாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ரப்பராக இருந்து செம்பனையான அந்தத் தோட்டத்தை ஒரு நிறுவனம் தொழிற்பேட்டைக்காக வாங்கிவிட்டது. அதற்குள் தோட்டத்து இடுகாடு இருந்தது. சில கல்லறைகளில் சிமெண்டில் எழுத்து உண்டு. பெரும்பாலானவற்றில் தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். யார் யார் எங்கே என்பது பழைய தோட்டத்து ஆட்களின் நினைவில் இருந்தது. அவர்கள் மாசாய், பாசிர் கூடாங், சிங்கப்பூர் என்று சிதறிப் போய்விட்டார்கள்.

இடுகாட்டை வேறிடத்துக்கு மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. உறவினர் ஆவணத்தோடு உரிமை கோரினால் தனிக் குழி, தனிக் கல். கோராதவை எல்லாம் ஒன்றாக. ஆவணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழியையும் அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரசு வாரியத்தின் திட்டம் ஒன்றில் முறையாகப் பதிவான சாட்சியம் இருந்தால் அதையும் ஆவணமாக ஏற்பார்கள். விரிவுரையாளரின் திட்டம் இதுதான்: பழைய ஆட்களை ஒரு பேருந்தில் ஏற்றி இடுகாட்டுக்குக் கொண்டுபோய், நடக்க வைத்து, ஒவ்வொரு குழியருகிலும் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது. உள்ளே போக நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு எங்கள் வாரியத்தின் கையெழுத்திட்ட மானியக் கடிதம் வேண்டும். பணத்தைவிடக் கடிதம்தான் அவருக்கு அவசரம்.

தேர்வுக்குழு ஏற்றுக்கொண்டது. கடிதம் தட்டச்சாகி இயக்குநர் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை.

"இன்னிக்கே கொடுத்திடலாமே மேடம்?" என்று கேட்டேன்.

"கொடுத்தா யாருக்குத் தெரியும்? கேட்ல இருக்கிற செக்யூரிட்டிக்குத் தெரியும். ஆட்சிக்குழு உறுப்பினர் கையால கொடுத்தா அந்தக் கம்பெனி முதலாளிக்கே தெரியும். அப்புறம் யாரும் வாலாட்ட மாட்டாங்க."

அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. எங்கள் வாரியத்தைச் சுற்றுலாப் பிரிவோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. மேலே இருப்பவர் ஒருவர் எங்கள் மேடையில் நின்று சிரித்தால் அந்தப் பேச்சு கொஞ்ச நாள் அடங்கும். ஒரு சிறிய வாரியத்துக்குத் தலைமை தாங்குவது என்பது பாதி நேரம் இதுதான். நல்ல திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அது இருப்பதை மேலே உள்ளவர்களுக்குக் காட்டவும் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. பெரிய மானியங்களுக்கு மேடையிலேயே கையெழுத்து. கடிதத்தின் தேதியும் விழாவின் தேதியும் ஒன்றாக இருக்கும். முன்பிருந்த இயக்குநர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதுவரை அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை.

விரிவுரையாளரும் சந்தோஷமாகத்தான் சம்மதித்தார். "எங்கம்மாவயும் கூட்டிட்டு வரலாமா மேடம்? தோட்டத்தில் எல்லார் குழியும் தெரிஞ்சது அவங்களுக்குத்தான்" என்று மட்டும் கேட்டார்.

விழா இல்லை என்ற செய்தி அவர்களுக்குப் போகும் முன்பே இருவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு நான் கீழே போனபோது அம்மா அந்த அட்டைக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் மடிப்பின் கோடுகள் இன்னும் கலையவில்லை. இதற்காகவே துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போய் எடுத்தது என்று மகள் பிறகு சொன்னார். இயக்குநரும் இறங்கி வந்தார்.

"டத்தோ வரலியா?" என்று ஆட்சிக்குழு உறுப்பினரைப் பற்றிக் கேட்டார் அம்மா.

"மெர்சிங்ல வெள்ளம்மா. அங்க போயிட்டாரு" என்றார் இயக்குநர்.

"வெள்ளத்துக்கு அவரு போயி என்னா செய்யப் போறாரு? தண்ணியக் குடிக்கப் போறாரா?"

"அம்மா, சும்மா இருங்க" என்று மகள் அவர் கையைப் பிடித்தார்.

இயக்குநர் சிரித்துவிட்டார். "அரிசி கொடுக்கப் போயிருக்காரும்மா. அதுக்கும் படம் எடுப்பாங்க."

"அப்ப இந்த அட்டையையும் அங்கேயே கொண்டுபோயி குடுத்திருக்கலாம்ல? ஒரே படத்துல வேலை முடிஞ்சிருக்கும்." அம்மா விரல் நுனியால் அட்டையைத் தட்டினார். "இது பேங்க்ல செல்லுமா?"

"செல்லாதும்மா. சும்மா காட்டுறதுக்கு."

"அப்ப எது செல்லும்?"

"ஒரு கடிதம் இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டாத்தான்."

"அது எங்க இருக்கு?"

"மேல. என் மேசையில."

அம்மா லிஃப்டைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார்.  காவலாளி எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வது போலச் சொன்னார்:

"என் மூத்த புள்ள அங்கதான் இருக்கான் மேடம். பொறந்து பேர் பதியறதுக்குள்ள போயிட்டான். சூரட், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. நாங்க தமிழரசன்னு கூப்பிட்டோம். அந்தப் பேரு எந்தத் தாள்லயும் இல்ல. கொய்யா மரத்துலேருந்து ஆத்துப் பக்கமா இறங்கினா எனக்குத் தெரியும்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விஷயம் விண்ணப்பத்தில் இல்லை.

அன்று மதியம் இயக்குநர் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு நிதி அதிகாரியைக் கூப்பிட்டார். நான் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டிய ஒத்திவைப்புக் குறிப்போடு அங்கே நின்றிருந்தேன். இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விழாவைப் பிறகு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். விதிப்படி தடை ஒன்றும் இல்லை என்றார் காக். மேடம் என்பதற்கு மலாயில் புவான் என்பார்.

"ஆனால் புவான், அவரை அழைத்துவிட்டீர்கள். அவர் வெள்ளத்தில் நிற்கும்போது நீங்கள் அவர் இல்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் ஆட்கள் சொல்வார்கள். அடுத்த தடவை நீங்கள் அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். வேறு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களுக்குத் தெரியும்."

"எப்போது தேதி கொடுப்பார்கள்?"

"தண்ணீர் வடிந்ததும்."

இயக்குநர் கடிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். பொங்கலுக்குப் பிறகு ஒரு தேதி கிடைத்தது. அந்தத் தேதிக்கு முன்பாகவே ஆட்சிக்குழு உறுப்பினருக்கு வேறு ஏதோ கூட்டம் வந்து அதுவும் தள்ளிப்போனது. ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. எந்த அலுவலகம் எந்த நாளில் திறந்திருக்கும் என்று நாங்களே குழம்பிக்கொண்டிருந்தோம். ஆட்சிக்குழு உறுப்பினரின் செயலாளரோடு நான்தான் பேசினேன். அவர் ஒவ்வொரு தடவையும் மிகவும் மரியாதையாகப் பேசினார். இல்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

இதற்குள் தோட்ட வாசலில் நிறுவனம் ஒரு பலகை வைத்தது. உரிமை கோருவோர் இன்ன தேதிக்குள் வர வேண்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. விரிவுரையாளர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரே வரி: "சார், மேடம்கிட்ட காட்டுங்க." காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி அந்தத் தேதியை மட்டும் பார்த்தார்.

"டைம் இருக்கு" என்றார். உண்மையிலேயே அப்போது இருந்தது.

மாற்றல் உத்தரவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முதலில் மின்னஞ்சலில், பிறகு கையில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். புத்ராஜெயாவில் ஒரு பயிற்சிப் பிரிவு. காரணம் எழுதியிருக்கவில்லை, எழுதுவதும் இல்லை. மூத்த அதிகாரிகளுக்குச் சில வருடங்களுக்கு ஒரு முறை இப்படி வரும். இவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வாரியத்தைச் சுற்றுலாவோடு சேர்க்கும் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் பழைய பத்திரிகைப் பழக்கத்தில் சிலரிடம் விசாரித்தேன். உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உத்தரவை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். இரண்டாவது பத்தியில் விரலை வைத்தார். இந்த உத்தரவின் தேதிக்குப் பிறகு வாரியத்தின் பேரில் புதிய நிதிக் கடப்பாடு எதிலும் கையெழுத்திடக் கூடாது. அதன் தேதி முந்தின நாள்.

"நேத்து மத்தியானம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். "டீ குடிச்சேன்."

காக் வந்தார். இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் வெளியே போக எழுந்தேன், இருக்கச் சொன்னார். பிறகு மலாயில், மெதுவாக, "போன வாரத் தேதியைப் போட்டால் என்ன?" என்று கேட்டார்.

காக் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கினார்.

"போடலாம், புவான். யாருக்கும் உடனே தெரியாது. ஆனால் தணிக்கை வரும்போது நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். நான் இருப்பேன்."

இயக்குநர் உத்தரவை மடித்து வைத்தார்.

"கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்" என்றார் இயக்குநர்.

"நீங்கள் கேட்டதில் தப்பில்லை. நான் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறதே" என்று காக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச காலமே இருந்தது.

அன்று பிற்பகல் இயக்குநர் நிறுவனத்தின் நில மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. சீனர், இளைஞர் போன்ற குரல். அவர் முரண்டு பிடிக்கவில்லை.

"புவான், எனக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எந்தக் கடிதமாக இருந்தாலும் சரி, தலைப்பில் உங்கள் வாரியத்தின் பெயரும் கீழே அதிகாரமுள்ள ஒருவரின் கையெழுத்தும் இருந்தால் போதும். நாளைக்கே கேட்டைத் திறக்கிறேன். இல்லையென்றால் உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் என் வேலை போய்விடும்."

"அதிகாரம் இப்போது யாரிடமும் இல்லை" என்றார் இயக்குநர்.

"அப்படியானால் நான் யாரைக் கேட்பது?"

இயக்குநர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு தன் சொந்தப் பெயரில், வாரியத்தின் தலைப்பு இல்லாத வெள்ளைத் தாளில், கருணை காட்டும்படி ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். கிடைத்ததாக ஒரு வரிப் பதில் வந்தது.

பதவியின் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவர் தன் காரில் செனாய்க்குப் போனார். நானும் போனேன். விமான நிலையச் சாலையைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து, செம்மண் லாரிகள் வரும் பாதையில் திரும்பினோம். விரிவுரையாளரும் அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்து ஒரு குடையின் கீழ் நின்றிருந்தார்கள். அம்மா இப்போது சாதாரண நைலக்ஸ் சேலை கட்டியிருந்தார்.

காவலாளி நேப்பாளி. எங்கள் நான்கு பேரையும் பார்த்துத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். கடிதம் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். இயக்குநர் தன் அரசு அடையாள அட்டையைக் காட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கதவைத் திறக்கவில்லை.

"சரி, இங்கேருந்தே சொல்றேன், நீ பதிவு பண்ணு" என்றார் அம்மா மகளிடம்.

மகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அம்மா கம்பி வேலிக்கு அருகே போய், கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். உள்ளே செம்பனை மரங்களை ஏற்கனவே சாய்த்திருந்தார்கள். நிலம் தட்டையாக, சிவப்பாக, தூரத்தில் ஒரு மஞ்சள் இயந்திரம் வரை தெரிந்தது. இடுகாட்டுப் பகுதியைச் சுற்றி மட்டும் வெள்ளை நாடா கட்டியிருந்தது. அதற்குள்ளும் மரங்கள் இல்லை. புல்லும் கற்களும்தான் இருந்தன.

"அந்தக் கொய்யா மரம் எங்க?"

"வெட்டிட்டாங்கம்மா" என்றார் மகள்.

"ஆறு?"

"அந்தப் பக்கம் கால்வாயா மாத்திட்டாங்க."

அம்மா வலப்பக்கம் கை காட்டி, "கங்காணி வீட்டு ஆளுங்க அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இடப்பக்கம் நகர்ந்து மறுபடி பார்த்தார்.

"எனக்குப் புரியல. உள்ள விட்டா கால் சொல்லிரும். இங்கேருந்து ஒண்ணும் புரியல" என்றார்.

"பரவால்லம்மா. நெனவிருக்கிறத சொல்லுங்க."

"என்னாத்த சொல்றது? சுண்டு விரல் மாதிரி இருக்கு எல்லாக் கல்லும்."

இயக்குநர் காவலாளியிடம் மீண்டும் போனார். மலாயில் தாழ்ந்த குரலில் பேசினார், தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார், இந்த ஒரு கிழவியை மட்டும், அரை மணி நேரம், தானே கூடப் போவதாகச் சொன்னார். காவலாளி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கம்பத்தின் மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். இயக்குநர் வற்புறுத்தவில்லை. நில அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இப்படி வாசலில் நின்றவர்களை அவரும் பார்த்திருப்பார்.

திரும்பும்போது அம்மா எங்கள் காரில் ஏறிக்கொண்டார். மகளின் காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு முன்சீட்டிலிருந்து, "மேடத்துக்கு எங்க மாத்தல்?" என்று கேட்டார்.

"புத்ராஜெயாம்மா."

"புரோமோஷனா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் போறீங்க?"

"போகச் சொல்லிட்டாங்க."

"எங்களையும் தோட்டத்த விட்டு அப்படித்தான் போகச் சொன்னாங்க" என்றார் அம்மா. கிண்டலாக இல்லை. ஒருவரோடு ஒருவர் ஊர் விசாரிப்பது போல இருந்தது. "உங்களுக்கு அங்க வீடாச்சும் குடுப்பாங்களா?"

"குவார்ட்டர்ஸ் இருக்கு."

"அது போதும் லா."

புதிய இயக்குநர் அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் பொறுப்பேற்றார். நிதியமைச்சுப் பின்னணி கொண்ட, மெதுவாகப் பேசும், நேர்மையான மனிதர். பழைய இயக்குநர் ஒப்படைத்த கோப்புகளில் இந்தக் கோப்பு முதலாவதாக இருந்தது. மேலே சிவப்பு நாடா கட்டி அவசரம் என்று தன் கையால் எழுதியிருந்தார். புதியவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். எல்லாப் பிரிவுகளும் தங்கள் வேலையை விளக்கிச் சொல்லி முடிக்கும் வரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பெரிய பிரிவுகள் முதலில். வெளியீட்டுப் பிரிவு கடைசி.

என் முறை வருவதற்குக் காத்திருக்காமல் நான் அவர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"எல்லாப் பிரிவும் வந்து அவசரம் என்றுதான் சொல்கிறார்கள். எல்லாமே அவசரமாக இருக்கவும் கூடும். வந்த முதல் வாரத்தில் தெரியாத ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு நீங்களே என்னை நம்ப மாட்டீர்கள். சரிதானே?"

சரிதான். இவரைவிட மோசமான இயக்குநர்கள் எத்தனையோ பேர் வரலாம். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காக்கின் மேசையைத் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி கணினியைப் பார்த்தார்.

அந்தப் பலகையில் போட்டிருந்த தேதி வந்தது, போனது. விரிவுரையாளர் தன் தந்தையின் குழிக்கு இறப்புச் சான்றிதழ் வைத்திருந்தார், அதற்கு உரிமை கோரிவிட்டார். வாட்ஸாப்பில் கண்டுபிடித்த இன்னும் சில குடும்பங்களும் கோரின. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் விடுப்புப் போட்டு வந்து, தன் அம்மாவின் குழி எது என்று தெரியாமல், சான்றிதழை மட்டும் காட்டி, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூத்த மகனுக்காக அம்மா நிறுவனத்தின் தற்காலிக அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். குழந்தையின் பெயர் என்ன, சான்றிதழ் எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லியிருக்கிறார். எண் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

வெளியீட்டுப் பிரிவின் விளக்கம் முடிந்த அன்று பிற்பகலே புதிய இயக்குநர் கோப்பைக் கேட்டு வாங்கினார். முழுவதும் படித்தார். "விழாவெல்லாம் வேண்டாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நல்ல திட்டம்" என்றார். கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு காரில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

விரிவுரையாளர் வகுப்பு முடிந்து நடைபாதையில் நின்றிருந்தார். உறையைப் பிரித்துப் படித்தார். கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார்.

"தேங்க்ஸ் சார்" என்றார்.

"எப்ப போறீங்க?"

"போன வாரமே எல்லாத்தையும் எடுத்திட்டாங்க சார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர்தான் பேச்சை மாற்றினார். திட்டத்தின் தலைப்பை மாற்றி எழுதிக் கொடுத்தால் வாரியம் ஏற்குமா என்று கேட்டார். இடம் போய்விட்டாலும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேச வைக்கலாம் என்றார். ஏற்கும் என்றேன். ஏற்றது. அந்தப் பதிவுகள் எங்கள் சேமிப்பில் இருக்கின்றன, கேட்பவர்களுக்குக் கிடைக்கும். அம்மாவின் பதிவில் பாதிக்கு மேல் லயன் வீட்டுச் சமையலைப் பற்றியது.

பழைய இயக்குநரிடமிருந்து அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. அதன் கீழே தமிழில், எழுத்துக் கூட்டி எழுதியது போல இடைவெளி விட்டு, அந்த அம்மாவின் மூத்த பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் எழுதினேன். நிறுவனம் கொடுத்த மாற்று இடம் கூலாய் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் வேலி, உள்ளே சிமெண்ட் பாதை, தண்ணீர்க் குழாய். உரிமை கோரப்பட்ட குழிகளுக்குக் கறுப்பு கிரானைட்டில் தனித்தனிக் கல். கோரப்படாதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கல். அதில் தோட்டத்தின் பெயர் மட்டும் பொறித்திருக்கிறது.